தண்ணி பட்ட பாடு

வெள்ளானூர்
3-2-2025

அனுப்புநர்: ச. வசந்தா, வெள்ளானூர், ஆவடி வழி.
பெறுநர்: ஜமீலா அவர்கள், சர்வீஸ் அட்வைசர், கார் சர்வீஸ் சென்டர், அம்பத்தூர்.
பொருள்: ஏழு மாத வண்டிக்கு கியர் பாக்ஸ் வாரண்டி மறுத்தது பற்றி.

அம்மா,

நான் சென்ற ஜூலை பத்தாம் தேதி தங்கள் நிறுவனத்தில் மஞ்சள் போர்டு வண்டி ஒன்று வாங்கினேன். கிளட்ச் இல்லாத, தானே கியர் மாறும் வண்டி. டிசம்பர் கடைசியிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் விட்டுப்போகிறது. மூன்று முறை தங்களிடம் விட்டேன். ஜனவரி இருபத்தேழாம் தேதி, கியர் பாக்ஸின் மோட்டாரை மாற்ற வேண்டும், ஆனால் அது வாரண்டியில் வராது, நானே பணம் கட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். ஏன் வராது என்பதை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜமீலா, இதற்கு மேல் இந்த நடையில் எனக்கு ஓடவில்லை. மேலே உள்ளது எழிலரசி சொல்லச் சொல்ல எழுதியது. ஆவடியில் நுகர்வோர் சங்கம் வைத்திருக்கிறார்களே, அந்த அம்மா. “போன்ல பேசாதீங்க வசந்தா. பேசுனது காத்தோட பூடும். எழுதிக் கேளுங்க, எழுதி வாங்குங்க” என்றார்கள். நல்லதுதான். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய்.

அன்றைக்கு கவுண்டரில் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டாயே, அதை முதலில் கேட்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தோம். நீ காலர் வைப்பாய், நான் கை வைப்பேன். உன் டப்பாவை நான் தின்றேன், என் டப்பாவை நீ தின்றாய். அதெல்லாம் போய் இப்போது மேடமா? “மேடம், உங்க வாரண்டி ரிஜெக்ட் ஆயிடுச்சு” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்கிறாய். என் முகத்தில் என்ன, பேயா ஆடுகிறது?

இந்த வண்டியை எடுக்கச் சொன்னதே நீதான். ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிடு என்று அவசரப்படுத்தியதும் நீதான். நான் உன்னை நம்பித்தான் எடுத்தேன், கம்பெனியை நம்பி இல்லை.

ஜனவரி இருபத்துநான்காம் தேதி நடந்ததை நீ முழுக்கக் கேட்கவில்லை. காலை ஐந்தே முக்கால். பின்னால் மூன்று பேர், முன்னால் ஒருத்தி, எல்லாம் காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள். அம்பத்தூர் மேம்பாலத்தில் பாதி ஏறியாகிவிட்டது. திடீரென்று இழுவை போயிற்று. மீட்டரில் நியூட்ரலைக் காட்டுகிற ‘என்’ என்ற எழுத்து விட்டுவிட்டு மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது, வண்டி பின்னால் உருளுகிறது. பின்னால் டிப்பர் லாரி. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. லாரிக்காரன் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்றையிலிருந்து அந்தப் பெண்களை அதில் ஏற்றவில்லை. அண்ணன் பரந்தாமனின் பழைய வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீசர் பிப்ரவரி முடிகிற வரைக்கும்தான் பார்ப்பாராம். அதற்குள் புது வண்டி ஓடவில்லை என்றால் அந்த டிரிப் வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஏன் மறுத்தார்கள்? எழுதிக் கொடு.

இப்படிக்கு,
ச. வசந்தா

பி.கு. உன் வீட்டுக்காரர் இஸ்மாயில் அண்ணனுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா? கோபத்தில் கேட்க மறந்துவிட்டேன்.


அம்பத்தூர்
10-2-2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் திருமதி வசந்தா அவர்களுக்கு,

தங்கள் 3-2-2025 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் வாகனம் எங்கள் சர்வீஸ் சென்டரில் பரிசீலிக்கப்பட்டு, அதன் விவரங்கள் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டி பிரிவுக்கு அனுப்பப்பட்டன. வாகனம் தண்ணீரால் பாதிக்கப்பட்டது என்று ஜாப் கார்டில் தாங்களே தெரிவித்துள்ளதால், வாரண்டி விதிகளின்படி இப்பழுது இலவசமாகச் சரிசெய்யத் தக்கதல்ல என்று அப்பிரிவு முடிவு செய்துள்ளது. அந்த ஜாப் கார்டில் தாங்கள் கையொப்பமிட்டுள்ளீர்கள் என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இங்ஙனம்,
ஜமீலா
சர்வீஸ் அட்வைசர்

(கீழே பேனாவால்) வசந்தா, மேலே இருப்பது ஆபீசில் அடித்துக் கொடுத்தது. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. அவருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடு.


வெள்ளானூர்
13-2-2025

ஜமீலா,

மாத்திரையை நான் போடுகிறேன். நீ முதலில் உண்மையைப் போடு.

நான் எப்போதடி தண்ணீர் என்று சொன்னேன்? எந்த வாயால் சொன்னேன்? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று?

டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது, உண்மை. அதனால்தான் மழை பிடித்த அன்று சாயங்காலமே வண்டியை முத்தாபுதுப்பேட்டையில் பரந்தாமன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அது மேடு. நாலு நாள் அங்கேதான் நின்றது. வண்டியின் டயர்கூட நனையவில்லை. நான்தான் நனைந்தேன், ஆவடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். அண்ணன் எழுதிக் கொடுக்கத் தயார். பக்கத்து வீட்டுக்காரரும் தயார்.

நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதி, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். நீ பேனாவை நீட்டி, “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்றாய், போட்டேன். இங்கிலீஷில் இருந்தது. நீ வைத்த காகிதத்தை நான் படித்துப் பார்ப்பேனா? உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீட்டிய இடத்தில் எல்லாம் நான் கையெழுத்துப் போடவில்லையா? அதே மாதிரிதான் போட்டேன்.

எழிலரசியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். “அந்த ஜாப் கார்டு காப்பிய வாங்குங்க. அத்த பாக்காம ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். கவுண்டரில் போய்க் கேட்டேன். நீ லீவு என்று சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உன் நீல நிறப் பை நாற்காலியில் தொங்கியது. லீவு எடுத்தவள் பையை வேலைக்கு அனுப்பினாளா?

காப்பி வேண்டும். இரண்டு வாரம்தான் இருக்கிறது.

வசந்தா


நசரத்பேட்டை
17-2-2025

அன்புள்ள வசந்தா,

இது வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆபீசுக்குத் தெரியாது. ஆபீஸ் போனில் எதையும் அனுப்பாதே, அதை அவர்கள் பார்ப்பார்கள்.

அன்று நான் உள்ளேதான் இருந்தேன். நீ கேட்டது எல்லாம் காதில் விழுந்தது. ஸ்டோர் ரூமில் ஆயில் டப்பாக்களுக்கு நடுவில் நின்றேன். அதற்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஜாப் கார்டு நகல் இதோடு வைத்திருக்கிறேன். இதை நான் உனக்குத் தரக்கூடாது. கொடுத்ததாக யாரிடமும் சொல்லாதே, எழிலரசியிடம்கூட.

முன்பெல்லாம் கஸ்டமர் சொல்வதை நாங்கள் கேட்டு எழுதுவோம். அக்டோபரிலிருந்து டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். கஸ்டமர் தமிழில் பேசினால் அதுவே கேட்டு, அதுவே இங்கிலீஷில் மாற்றி, கார்டில் ஏற்றிவிடும். அது அப்படியே கம்பெனிக்குப் போகும். அங்கே இருக்கிறவர்கள் வண்டியைப் பார்ப்பதில்லை, கார்டைத்தான் பார்ப்பார்கள். கார்டில் தண்ணீர் என்று இருந்தது. மறுத்துவிட்டார்கள். ஒருமுறை மறுத்தால் மறுத்ததுதான், திரும்பத் திறக்க மாட்டார்கள். உனக்குப் புரிய வேண்டும் என்று சொல்கிறேன், மிஷின் பண்ணிய கோளாறு இது.

மெக்கானிக் சின்னப்பையன் இருக்கிறாரே, பெயர்தான் சின்னப்பையன், ஐம்பத்தைந்து வயது, அவரை உன் வண்டியின் கியர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். “இன்னா மேடம் தண்ணின்றீங்க, உள்ளாற ஒரு சொட்டு கூட இல்ல. காஞ்சி போய் கீது. மோட்டாரு தானா பூட்ச்சி, கம்பெனி பீஸே வீக்கு” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றால் ஓடிவிடுவார். அவருக்கும் பயம்.

நான் ஒன்று சொல்லட்டுமா? மேனேஜரிடம் பேசியிருக்கிறேன். பழைய கஸ்டமர் என்று சொல்லி பாதி விலையில் போட்டுத் தரச் சம்மதித்திருக்கிறார். மீதியை நானும் நீயும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். வண்டி ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். உன் டிரிப் போகாது. கோர்ட், சங்கம் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். யார் தப்பு என்று தேடிக்கொண்டு இருக்காதே வசந்தா. எனக்காக இதை ஒத்துக்கொள்.

உன்
ஜமீலா


வெள்ளானூர்
20-2-2025

ஜமீலா,

உன் கடிதத்தையும் கார்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு என் பெண் அகல்யாவைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் படித்தாள்: “வெஹிக்கிள் இஸ் வாட்டர் அஃபெக்டட் ஃபார் மீ. ப்ராப்ளம் இன் கியர் ஒன்லி.” இரண்டு தடவை படித்தாள். “எனக்கு வண்டி தண்ணியால பாதிக்கப்பட்டிருக்கு, பிரச்சினை கியர்லதான், அப்படின்னு நீ சொன்னியாம்மா?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சுரீர் என்று உறைத்தது. கடைசியாக வண்டியை விட்ட அன்றைக்கு நீ டேப்லெட்டை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு என்ன கேட்டாய்? “ஆட்டோமேட்டிக் வண்டியை ஓட்ட நல்லாப் பழகிட்டியா?” என்றாய். நான் என்ன சொன்னேன்? “எனக்கு வண்டி ஓட்டறது தண்ணி பட்ட பாடு, ப்ராப்ளம் கியர்லதான்” என்றேன்.

சிரித்தேன் ஜமீலா. கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அகல்யாவும் சிரித்தாள். அந்த மிஷினுக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள்? வண்டி ஓட்டுவது எனக்குக் கைவந்த வேலை என்று நான் பெருமையாகச் சொன்னேன், அது என் வண்டியைக் கொண்டுபோய் வெள்ளத்தில் இறக்கிவிட்டது. நல்லவேளை, டிரைவிங்கைக் கரைத்துக் குடித்தவள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்.

சிரித்து முடித்ததும் அகல்யா, “அம்மா, கீழ இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள். சின்ன எழுத்து. “கஸ்டமருக்குப் படித்துக் காட்டப்பட்டதா?” என்று ஒரு கட்டம். அதில் ‘யெஸ்’ என்று டிக். பக்கத்தில் உன் பெயர். நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு.

நீ எனக்குப் படித்துக் காட்டினாயா?

மிஷின் கோளாறு என்று எழுதினாயே, அந்த டிக்கையும் மிஷினா போட்டது? நீ ஒரு வரி படித்திருந்தால் போதும். நீ சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள், தண்ணி பட்ட பாடு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. மிஷினுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வாரண்டி இல்லை என்று வந்த அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே மேடம் என்றாய். தெரிந்துகொண்டே ‘தாங்களே தெரிவித்துள்ளீர்கள்’ என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். தெரிந்துகொண்டே பாதி விலை, பாதிப் பாதி என்று பேரம் பேசுகிறாய்.

எனக்கு வயிறு எரிகிறது. மோட்டார் போனதுகூடப் பரவாயில்லை, அது இரும்பு. நீ இப்படிச் செய்தாய் என்பதுதான் தாங்கவில்லை. அந்த மேம்பாலத்தில் நாலு பெண்களோடு நான் செத்திருந்தால், அப்போதும் தண்ணீரால் செத்தாள் என்றுதான் எழுதியிருப்பாயா?

பாதி விலையும் வேண்டாம், கால் விலையும் வேண்டாம். நடந்ததை எழுதிக் கொடு.

வசந்தா


நசரத்பேட்டை
24-2-2025

வசந்தா,

படித்துக் காட்டவில்லை.

அன்று காலை பதினொரு மணிக்குள் பத்தொன்பது வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் எட்டு நிமிஷம்தான் என்று கணக்கு, மேலே திரையில் என் பெயர் சிவப்பாகிக்கொண்டிருந்தது. நீதானே என்று நினைத்தேன். நம்ம வசந்தாதானே, இவளுக்கு என்ன படித்துக் காட்டுவது என்று டிக் போட்டேன். தெரியாத கஸ்டமராக இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன். அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், இதுதான் உண்மை.

கம்பெனி மறுத்த அன்று கார்டைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் கீழே என் டிக்கைப் பார்த்தேன். உடனே கார்டை மூடிவிட்டேன்.

நவம்பரில் இதே மாதிரி ஒரு கார்டு. ஏ.சி. வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னதை மிஷின் மாற்றி எழுதியது, நான் சரிபார்க்காமல் விட்டேன். மெமோ கொடுத்தார்கள். இரண்டாவது மெமோ வந்தால் வெளியே என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு ஏழு மாதமாக வேலை இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், சாயங்காலம் வந்து வாசலிலேயே செருப்பைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறார். வீட்டில் ஒரு சம்பளம்தான், அது என்னுடையது. நான் பயந்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

மேடம் என்று கூப்பிட்டது அதனால்தான். வசந்தா என்று கூப்பிட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். இதோடு இருக்கிறது. நீ என்ன சொன்னாய், மிஷின் என்ன எழுதியது, நான் படித்துக் காட்டாமல் காட்டியதாகப் போட்டது, சின்னப்பையன் கழற்றிப் பார்த்தது, எல்லாம். தேதி, கையெழுத்து எல்லாம் போட்டுவிட்டேன். இதை மேனேஜரிடம் கொடுத்தால் வாரண்டி பிரிவு திரும்பத் திறந்தே ஆக வேண்டும், உன் வண்டி சரியாகிவிடும். என் வேலை போய்விடும். கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நீ என்ன செய்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஜமீலா


வெள்ளானூர்
27-2-2025

ஜமீலா,

நேற்று காலை உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் கேட் வரைக்கும் வந்தேன். டிரான்ஸ்போர்ட் ஆபீசர் முந்தாநாள் கூப்பிட்டிருந்தார். “இன்னாமா, வண்டி வருமா வராதா? நான் வேற ஆள் பாத்துக்கவா?” என்றார். காலில் விழாத குறையாக இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கினேன். அந்தக் கோபத்தில் கிளம்பி வந்தேன்.

வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தார். உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். ஒரு கிழவரின் வண்டிக்குக் கார்டு போட்டுக்கொண்டிருந்தாய். முழுக்கப் படித்துக் காட்டினாய். அவர் காது கேட்காமல் மறுபடி கேட்டார், மறுபடியும் படித்தாய். என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரக்கம் என்று நினைக்காதே. எனக்கு அப்போது வந்தது இன்னும் பெரிய கோபம். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு நீ கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். வெட்டினால் நான் பாவி. வெட்டாவிட்டால் என் பிழைப்பு போகும். இரண்டில் எது நடந்தாலும் உன் கை சுத்தம். இது என்னடி நியாயம்? தப்பை நீ செய்வாய், அதை ஒப்புக்கொள்கிற வேலையை நான் செய்ய வேண்டுமா?

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. எழிலரசியிடம் காட்டவில்லை. அகல்யாவுக்கும் தெரியாது. கிழிக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டுபோய் நீட்டவும் இல்லை. மேனேஜர் அறை உன் நாற்காலியிலிருந்து பத்து அடி. நீ போய்க் கொடு.

கொடுக்க முடியாது என்றால் அதையாவது எனக்கு எழுது. நான் என் வண்டியை விற்றுவிட்டு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. அகல்யா கல்யாணத்துக்கும் உனக்குப் பத்திரிகை வராது.

மார்ச் எட்டாம் தேதி வரைதான் எனக்கு நேரம்.

வசந்தா


நசரத்பேட்டை
5-3-2025

வசந்தா,

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொடுத்தேன்.

மேனேஜர் ஸ்ரீநாத் சார் படித்தார். உட்காரச் சொல்லவில்லை. “இத நீங்க யாருக்காவது காமிச்சீங்களா?” என்று கேட்டார். கஸ்டமருக்கு அனுப்பினேன், அவள் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றேன். “அவங்க கையில இருந்தும் யூஸ் பண்ணலையா?” என்று ஆச்சரியப்பட்டார். கார்டு நகலைக் கொடுத்ததையும் சொல்லிவிட்டேன். நீ என் தோழி என்பதையும் சொன்னேன். மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். மெமோ கொடுத்தால் ரெக்கார்டில் ஏறும், வேறு இடத்தில் வேலை கிடைக்காது, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சின்னப்பையன் அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். “நானும் எழுதித் தந்துட்டேன்மா, தண்ணி இல்லன்னு. இனிமே இன்னா பயம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஒத்துக்கொண்டது. மோட்டார் பீஸ் சென்னையிலேயே இருந்ததாம், இன்று வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் வண்டி கிடைக்கும். எடுக்கும்போது மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல். சின்னப்பையன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொல். கார்டைத் தமிழில் முழுக்கப் படித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல். அவசரப்படுத்துவார்கள், போடாதே.

உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வசந்தாவால் வேலை போயிற்று என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். அதற்காகத்தான் உன் கையில் கொடுத்தேன் என்று எனக்கே நீ எழுதிய பிறகுதான் தெரிந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் அவ்வளவு கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். நோன்பு திறக்கிற நேரம் பேரீச்சம்பழத்தை முதலில் என் கையில் வைத்தார். எப்போதும் தட்டைத்தான் நகர்த்துவார்.

இதற்குப் பதில் எழுதாதே. எனக்கு உன் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது. அது போகிற அன்று நானே வருகிறேன். போகாமலும் இருக்கலாம்.

ஜமீலா


வெள்ளானூர்
8-3-2025

என் ஜமீலாவுக்கு,

பதில் எழுதாதே என்று எழுதியிருக்கிறாய். உன்னை யார் கேட்டது?

வண்டி வந்துவிட்டது. மேம்பாலத்தில் மூன்று தடவை ஏற்றி இறக்கினேன், சின்னப்பையன் அண்ணன் போதும்மா போதும்மா என்று கும்பிட்டார். இன்று காலை பெண்களை ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பத்தொன்பது வயதுக்காரி முன்சீட்டில் ஏறாமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஏறுவாள்.

வண்டி நன்றாக ஓடுகிறது, எனக்குச் சந்தோஷம் இல்லை. உன் வேலை போயிற்று, அதற்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. எனக்கு உன்னைத் திட்ட வேண்டும். ஒரு மாதமாக எழுதித் திட்டி எனக்குக் கைதான் வலிக்கிறது, ஒரு திட்டுகூட ஒழுங்காக வரவில்லை. நேரில் உட்கார வைத்து, நீ அழ அழத் திட்ட வேண்டும். நீயும் திட்டு. மீதி இருக்கிற கோபத்தை அங்கேயே தீர்த்துக்கொள்.

வெட்கம் போன பிறகு வருவாளாம்! அது எப்போது போவது, நீ எப்போது பஸ் ஏறுவது? பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். ஒரு தடவை கூப்பிடுவேன். கதவு திறக்கவில்லை என்றால் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டேன். நசரத்பேட்டை முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும்.

வசந்தா